கூவாத சேவலும் கிட்டார் கம்பியும்

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர் என்னைப் பார்த்து, "சார், நீங்கள் நாகாலாந்தில் வேலை பார்த்தவராயிற்றே! அங்கே சேவலுக்குக் காயடித்து விற்கிறார்களாமே, நிஜமா? மாட்டுக்குத் தெரியும், கிடாவுக்குத் தெரியும். சேவலுக்கு எங்கே போய்க் காயடிப்பது?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணம், அவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமலேயே ஒருகாலத்தில் நான் கையில் கருவியை எடுத்தேன். அதனால் ஒரு சேவல் செத்தது. அந்தக் கதையை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். ஆசிரியர் குழுவும் இடம் தந்தது.

நான் டிப்ளமா படித்துவிட்டு 1980-ல் ரயில்வேயில் சேர்ந்தவன். வண்டிப் பெட்டிகளின் சக்கரம், பிரேக், ஸ்பிரிங் எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து 'வண்டி போகலாம்' என்று எழுதிக் கொடுக்கும் டி.எக்ஸ்.ஆர். வேலை. 1986-ல் டிமாப்பூருக்கு மாற்றல் ஆயிற்று. 1903-ல் திறக்கப்பட்ட அந்த நிலையம்தான் அப்போது நாகாலாந்து மாநிலத்துக்கே ஒரே ரயில் நிலையம். இரண்டாவது நிலையமான ஷோகுவி பயணிகள் வண்டியைக் கண்டது 2022-ல்தான். நான் போனபோது மீட்டர் கேஜ் பாதை. பர்மாவிலிருந்து வந்து மோரேயில் குடியேறிய நம்மவர்கள் ரயிலிலிருந்து இங்கே இறங்கித்தான் இம்பால் பஸ்ஸைப் பிடிப்பார்கள். அவர்களில் யாராவது எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுப் போனால், அந்த வாரம் முழுவதும் என் மனைவி தமிழ் பேசிய சந்தோஷத்தில் இருப்பாள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் எங்கள் டிப்போவின் கலாசி ஒருவர் குடியிருந்தார். அங்காமி நாகர். அவருடைய தாயாரை நாங்களும் 'அம்மா' என்றே அழைப்போம். வீட்டின் பின்புறம் மூங்கில் கூண்டுகளில் நாட்டுக் கோழிகள் வளர்த்துவந்தார். ஆண்டுதோறும் சேவல் குஞ்சுகளில் நல்லவற்றைப் பொறுக்கி எடுத்துக் காயடித்து, கிறிஸ்துமஸ் வரை வளர்த்து விற்பார். சாதாரணச் சேவலைப் போல் இரண்டு மடங்கு விலை கிடைக்கும். அந்தப் பணம் பேத்தியின் பள்ளிக்கூடச் செலவுக்கு.

விதை எங்கே இருக்கிறது?

பந்தியில் கேட்ட அன்பருக்கு இப்போது விடை சொல்கிறேன். பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு விதை உடலுக்கு வெளியே பையில் தொங்குகிறது. ஆகவே காளைக்கு பர்டிசோ இடுக்கி போதும். தோலைக் கிழிக்காமலே உள்ளே இருக்கும் நாளத்தை நசுக்கிவிடலாம். பறவைகளுக்கு அப்படியில்லை. சேவலின் இரண்டு விதைகளும் வயிற்றுக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி, நுரையீரல் முடிந்து சிறுநீரகம் தொடங்கும் இடத்தில், ஆளுக்கொரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இளம் சேவலில் மொச்சைப் பருப்பைவிடச் சிறிதாக, பெரும்பாலும் வெளிர்மஞ்சளாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே உடம்பின் மிகப் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. மெயின் லைனுக்கு இருபுறமும் இரண்டு சிக்னல் கம்பம் நட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தைப் பிடுங்கவேண்டும், தண்டவாளத்தைத் தொடக்கூடாது.

அம்மா இதைக் கண்ணால் பார்த்துச் செய்தவர் அல்லர். சேவலின் அடிவயிற்றில் பிளேடால் சிறு கீறல் போடுவார். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, முதுகெலும்பைத் தடவிப் போய், விதையை நிரடி எடுத்துவிடுவார். பிறகு ஊசி நூலால் இரண்டு தையல். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வருடத்துக்கு ஒன்றிரண்டு சாகும் என்று அவரே சொல்வார்.

1987 தொடக்கத்தில் அவருக்கு விரல் மூட்டுகள் வீங்கிக்கொண்டன. ஆள்காட்டி விரல் மடங்கவில்லை. ஒருநாள் வேலியோரம் நின்று, அரைகுறை நாகாமீசில் நான் புரிந்துகொள்ளும்படி மெதுவாகச் சொன்னார்: "பாபு, நீ இரும்பு வேலைக்காரன். எனக்கு இரும்பில் ஒரு விரல் செய்து கொடு."

இரும்பு விரல்

எனக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. பட்டறை ஆளிடம் இப்படி ஒருவர் கேட்டால் தலைகால் புரியுமா? கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் ஒரு பழைய ஆங்கிலக் கோழி வளர்ப்புப் புத்தகம் இருந்தது. அதில் மேல்நாட்டு வீடுகளில் வழங்கிய காயடிப்புக் கருவிப் பெட்டியின் படம் போட்டிருந்தது. அதைப் பென்சிலால் வரைந்துகொண்டு வந்தேன்.

முக்கியமானவை நான்கு. முதலாவது கத்தி. கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே சுமார் இரண்டு சென்டிமீட்டர் கீறுவதற்கு. இரண்டாவது விரிப்பான். கீறிய இடத்தில் விலா எலும்புகளை விலக்கிப் பிடிக்கும் வில். மூன்றாவது கொக்கி. உள்ளே இருக்கும் மெல்லிய காற்றுப்பைச் சவ்வைக் கிழித்து வழிவிடுவதற்கு. நான்காவது சுருக்கு. மெல்லிய குழாய்க்குள் இரட்டையாக ஓடும் கம்பி, முனையில் வளையமாக நிற்கும். விதையை வளையத்துக்குள் அகப்படுத்தி, மறுமுனையை இழுத்தால் அறுந்துவிடும். சீனத்திலும் இதே சுருக்கு உண்டு. அங்கே கம்பிக்குப் பதில் குதிரை மயிரோ பனை நாரோ. விரிப்பானுக்கு மூங்கில் வில்.

ரயில்வே ஸ்டோரிலிருந்து ஒரு துண்டு ஆணிகூட எடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்! விரிப்பானுக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ். அதைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் ஸ்பிரிங் தன்மை போய்விடும். எனவே பச்சையாகவே வைஸில் பிடித்து வளைத்து, இரு முனைகளையும் தட்டையாக்கி வெளிப்புறம் மடக்கினேன். சுருக்கின் குழாய்க்கு டாக்டர் கழித்துப்போட்ட மாட்டு ஊசி. அதன் கூர்முனையைத் தேய்த்து மழுக்கினேன். கம்பிக்கு மட்டும் இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் கடைத்தெருவில் கிடைத்தது கிட்டாரின் முதல் தந்தி. நாகாலாந்தில் அரிசி இல்லாத வீட்டில்கூடக் கிட்டார் இருக்கும் என்பார்கள். கால் மில்லிமீட்டர் தடிமன், நல்ல உருக்கு. கத்திக்குப் பாதி சவர பிளேடைப் பிளந்த மூங்கிலில் செருகிக் கட்டினேன். எல்லாம் சேர்ந்து ஒரு சாக்லேட் டப்பாவுக்குள் அடங்கியது. டிப்போவில் எல்லோருக்கும் காட்டினேன். பெருமைதான், வேறென்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை

மே மாதம், ஒரு ஞாயிறு. அம்மா பத்து வாரச் சேவல் ஒன்றைத் தந்தார். அது பேத்தியின் சேவல். சிவப்பும் கறுப்பும் கலந்த நிறம். அந்தக் குழந்தை கூப்பிட்டால் ஓடிவரும். முதல் நாள் காலையிலிருந்து தீனி போடக்கூடாது, குடல் காலியாக இருந்தால்தான் உள்ளே இடம் தெரியும் என்று அம்மா இரண்டு தடவை எச்சரித்திருந்தார். நான் சேவலை வாங்கி எங்கள் வீட்டுக் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தேன். என் நாலு வயது மகன் பரிதாபப்பட்டு இரவெல்லாம் கைநிறைய அரிசி போட்டிருக்கிறான். காலையில் இரைப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். சேவலைப் பலகையில் படுக்கவைத்து, இறக்கையையும் காலையும் கட்டி, விலாப்புற இறகைப் பிடுங்கி, டெட்டால் தடவி, கீறினேன். விரிப்பானை வைத்தேன். உள்ளே பார்த்தால் குடல், குடல், குடல். ஒருவழியாக அதை ஒதுக்கி மஞ்சளாக ஏதோ தெரிந்ததும் வளையத்தைப் போட்டு இழுத்தேன். ஒரு நொடியில் குழி முழுவதும் ரத்தம். பஞ்சை வைத்து அழுத்துவதற்குள் கண் மூடிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கட்டை அவிழ்த்து, சேவலை மடியில் போட்டுக்கொண்டு எழுந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் போனபிறகு திரும்பி, "என் விரலுக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியும். உன் கம்பிக்குத் தெரியவில்லை" என்றார். பேத்தி அழுத சத்தம் சாயங்காலம் வரை கேட்டது.

இரவு என் மனைவி சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "என்னங்க, ஸ்பிரிங் சரியா இருக்கா, கம்பி சரியா இருக்கான்னு பத்து நாளாப் பாத்தீங்க. அதுக்கு வலிக்குமேன்னு ஒரு தடவையாவது நினைச்சீங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இல்லாத பதிலை எப்படிச் சொல்வது?

மறுநாள் சேவலின் விலையை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா வாங்கவில்லை. "பணத்தை வைத்துக்கொள். விரலைச் சரிப்படுத்து" என்றார்.

பழுது பார்த்தல்

ஒரு பெட்டி தடம்புரண்டால், அதை மறுபடி தண்டவாளத்தில் ஏற்றுவதோடு எங்கள் வேலை முடியாது. ஏன் புரண்டது என்று எழுதியாக வேண்டும். அதே முறையில் உட்கார்ந்தேன். கசாப்புக் கடையில் வெட்டிய இளஞ்சேவல்களின் உடலை வாங்கிவந்து, இரண்டு மாதம் ஞாயிறுதோறும் அவற்றின் மேல் பழகினேன். கறி வீணாகவில்லை, குழம்பாயிற்று. தவறுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

முதல் தவறு, வளையம் எவ்வளவு வேண்டுமானாலும் விரிந்தது. பெரிய வளையம் விதையோடு பக்கத்து ரத்தக் குழாயையும் சேர்த்து அள்ளிவிடும். கைப்பிடிப் பக்கம் கம்பியில் ஒரு பாசிமணியைக் கோத்து முறுக்கி வைத்தேன். அது குழாயின் வாயில் முட்டி, வளையம் மொச்சை அளவுக்கு மேல் விரியாமல் தடுத்தது. இரண்டாவது, நான் வெடுக்கென்று இழுத்தேன். மெதுவாக இறுக்கினால் கம்பி நாளத்தை வெட்டுமுன் நசுக்கும். நசுங்கிய நாளத்தில் ரத்தம் குறையும். மூன்றாவது, ஒரே கீறல் வழியாக இரண்டையும் எடுப்பதானால் தூரத்தில், அடியில் இருப்பதை முதலில் எடுக்கவேண்டும். மேலே இருப்பதை முதலில் எடுத்தால் சொட்டும் ரத்தம் கீழே இருப்பதை மறைத்துவிடும். நான்காவது, வெளிச்சம். மகனைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன டார்ச் ஆடிக்கொண்டே இருந்தது. முகச்சவரக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே விழச்செய்தேன்.

அம்மாவிடம் கற்றது ஒன்றும் உண்டு. கீறுமுன் அவர் தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிப்பார். வேலை முடிந்து விட்டதும் தோல் பழைய இடத்துக்குப் போய்விடும். தோலின் கீறலும் தசையின் கீறலும் நேருக்குநேர் வராது. செங்கல் அடுக்கும் கொத்தனார் இணைப்பு மேல் இணைப்பு வராமல் பார்ப்பதே இதுதான். புத்தகத்திலும் அப்படியே இருந்ததைப் பிறகு கவனித்தேன்.

மனைவியின் கேள்வி மட்டும் பாக்கி நின்றது. அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். "மரப்பு ஊசி போடலாம். ஆனால் பறவைக்கு அளவு மீறினால் அதுவே விஷம். எடைபார்த்து, நீர்க்கச் செய்து நான்தான் போடவேண்டும். நீ கத்தி பிடிக்காதே, கருவியைக் கொடு" என்றார். 1987 ஜூலையில் அவரே வந்தார். ஆறு சேவல்களுக்கும் ஊசி போட்டு, என் டப்பாவில் இருந்த கருவிகளாலேயே செய்தார். அம்மா பக்கத்தில் நின்று மேற்பார்வை. ஆறும் பிழைத்தன. இரண்டுக்கு மட்டும் மறுவாரம் தோலுக்கடியில் காற்று சேர்ந்து பலூன் போல உப்பியது. காற்றுப்பை கிழிந்த இடத்தில் இது நடக்கும். டாக்டர் ஊசியால் குத்தி வெளியேற்றினார்.

மாதங்கள் செல்லச் செல்ல மாற்றம் தெரிந்தது. கொண்டை வளராமல் சுருங்கி வெளுத்தது. சண்டை ஓய்ந்தது. ஆனால் கழுத்திலும் முதுகிலும் இறகு மட்டும் நீண்டு பளபளத்தது. சேவலின் அலங்கார இறகுக்கு ஆண் சுரப்பு தேவையில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஐந்து சேவல்கள் கூவவில்லை. ஆறாவது அக்டோபரில் ஒருநாள் விடிகாலை நாலு மணிக்குக் கம்பீரமாகக் கூவியது! அதுவும் அதிகாரி குவார்ட்டர்ஸ் பக்கமாகத் திரும்பி நின்று! விதையின் ஒரு துணுக்கு உள்ளே தங்கி வளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். கிறிஸ்துமஸ் அன்று அம்மா வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. இளஞ்சேவலின் மென்மையும் முற்றிய கோழியின் ருசியும் சேர்ந்த கறி. பேத்திதான் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் ஓடிவிட்டாள்.

பழமையும் சட்டமும்

இது நேற்று வந்த வழக்கமல்ல. கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், சேவலின் பின்புறத்தில் காய்ச்சிய இரும்பால் சூடுபோட்டால் கொண்டை வெளுத்துக் கூவுவதை நிறுத்திவிடும் என்று எழுதிவைத்தார். பிரான்சில் பிரெஸ் வட்டாரக் கோழிக்கு 1957-ல் ஊர்ப்பெயர்ச் சட்டப் பாதுகாப்பே கிடைத்தது. அங்கே காயடித்த சேவல்தான் கிறிஸ்துமஸ் விருந்து. இறகு நீக்கியபின் துணியில் இறுகத் தைத்து விற்பனைக்கு வைப்பார்கள். விஞ்ஞானத்துக்கும் இந்தச் சேவல் உதவியிருக்கிறது. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்பவர் 1849-ல் ஆறு சேவல்களை வைத்துச் சோதனை செய்தார். எடுத்த விதையை வயிற்றுக்குள் வேறு இடத்தில் ஒட்டவைத்தாலும் சேவல் கூவியது, கொண்டை வளர்ந்தது. ஆகவே ஏதோ ஒரு பொருள் ரத்தத்தின் வழியே போய் வேலை செய்கிறது என்று கண்டார். அந்தப் பொருளுக்கு 'ஹார்மோன்' என்ற பெயர் வந்தது 1905-ல்தான்.

கத்தியே வேண்டாம், கழுத்துத் தோலுக்கடியில் பெண் சுரப்பு மாத்திரை வைத்தால் போதும் என்று அமெரிக்காவில் ஒரு குறுக்குவழி கிளம்பியது. அந்த மருந்து கறியில் தங்குவதால் 1959-ல் கோழிகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பிராய்லர் கோழி வந்தபிறகு ஆறேழு வாரத்தில், பருவம் எட்டுமுன்பே, வெட்டிவிடுகிறார்கள். ஆகவே பெரும்பாலான ஊர்களில் இந்தக் கலைக்கே தேவையில்லாமல் போயிற்று. வடகிழக்கு மலைகளில் மட்டும் நாட்டுச் சேவலோடு நிலைத்திருக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தையும் சொல்லவேண்டும். 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, விதிகளில் சொன்ன முறைப்படி செய்யும் காயடிப்புக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. 1984-ம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் குழுச் சட்டம், காயடிப்பைச் 'சிறு மருத்துவப் பணி' என்று சொன்னாலும், பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில்தான் அதைச் செய்யலாம் என்கிறது. ஆகவே கிட்டார் கம்பி வாங்கப் புறப்படும் அன்பர்கள் தயவுசெய்து உட்காரவும்!

மீண்டும் டிமாப்பூர்

1991-ல் மாற்றலாகி வரும்போது சாக்லேட் டப்பாவை அம்மாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். 2018-ல் ஓய்வு பெற்றேன். 2022 டிசம்பரில் மனைவியும் நானும் பழைய இடங்களைப் பார்க்கப் போனோம். அம்மா காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. கலாசி நண்பர் தலை நரைத்து, வாசலிலேயே கட்டிக்கொண்டார். அந்தப் பேத்தி கிராமங்களில் கோழி வளர்ப்போருக்குப் பயிற்சி தரும் வேலையில் இருக்கிறாள், நாற்பதைத் தாண்டிவிட்டாள். டப்பாவை எடுத்துவந்து காட்டினாள். ஸ்போக்ஸ் துருவேறியிருந்தது. பாசிமணி அப்படியே இருந்தது.

"இதை நான் உபயோகிப்பதில்லை. இப்போது எவர்சில்வர் கருவி இருக்கிறது, டாக்டர் கூடவே வருகிறார். ஆனால் பயிற்சி தொடங்கும்போது இந்த டப்பாவைத் திறந்து, மதராஸி பாபு கொன்ற சேவலின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்" என்றாள்.

பிழைத்த ஆறு சேவல்களைப் பற்றிச் சொல்வாயா என்று கேட்டேன். சிரித்தாள்.

"அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், பாபு?"

என் மனைவியும் அவளோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு டப்பாவை வாங்கி, அந்தப் பாசிமணியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தாள்.